நூத்தியோராவது பேனல்

எங்க வீதியில ஒரு பொருளுக்கும் இன்னொரு பொருளுக்கும் நடுவுல இருக்கற இடம் பெருசாக ஆரம்பிச்சது ஆடி மாசம் மொத வெள்ளிக்கிழமைங்க, அதுக்குக் காரணம் நான்தான், இதை நான் யாருகிட்டயும் மறைச்சதில்ல, ஆனா அப்ப யாரும் அதைக் காதுல போட்டுக்கல, ஏன்னா அன்னைக்கு வீதியே சந்தோசமா இருந்துச்சு, சந்தோசமா இருக்கறவங்க காரணம் கேக்க மாட்டாங்க.

என் பேரு துளசிமணி. எங்க வீட்டுக்காரரு மருதாசலம். கோயமுத்தூர்ல கணபதி ஏரியாவத் தாண்டி அக்கட்டால, பட்டறையா நெறஞ்ச ஒரு முட்டுச்சந்துல முன்னால எங்க வீடு, பின்வாசல்ல இறங்கி எட்டு எட்டு வெச்சா பட்டறை. தோட்டத்து மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி இருக்குதில்லீங்களா, பச்சை பட்டன் செவப்பு பட்டன் வெச்சது, அதுக்கு முகத்தகடு செய்யறதுதான் எங்க பொழப்பு. அவரு தகடு வெட்டி ஓட்டை போடுவாரு, நான் வயர் கோத்து சால்டர் வெப்பேன். ஒரு தடவ இடது கால்ல தகடு விழுந்ததுல இருந்து அந்தக் கால சித்த இழுத்துத்தான் வெப்பாரு. சொன்னதச் செய்வாரு, சொன்னதுக்கு மேல ஒரு நூல் செய்ய மாட்டாரு, அப்படி ஒரு மனுசன். நான் அதுக்கு நேரெதிர். அரிசி அளந்தா மேல ஒரு கைப்பிடி, பூ வாங்கினா மேல ஒரு முழம், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாக்கூட ரெண்டு தட்டோட என் கை நிக்காது, மனசு நினைக்கறதுக்குள்ள கை மூணாவதையும் தட்டிப்போடும்.

ஆனி மாச ஆரம்பத்துல பெங்களூர்ல இருந்து ரூபன்னு ஒரு பாட்டுக்காரத் தம்பி அட்டைப்பெட்டி நெறைய சின்னச் சின்ன மாட்யூலோட வந்து எறங்குச்சு. சிந்தசைசர்னு சொல்றாங்களே, சத்தத்தை மின்சாரத்துலயே செய்யற யந்திரம், அதைத் துண்டு துண்டாப் பிரிச்சு, ஒரு துண்டு சத்தத்தை உண்டாக்க, ஒரு துண்டு அதை வளைக்க, ஒரு துண்டு அதை எதிரொலிக்க வைக்கன்னு தனித்தனியா செஞ்சு, வயர் சொருகிச் சொருகி ஒண்ணோட ஒண்ணைச் சேத்துக்கறதாம். அந்தக் காலத்துல ஒவ்வொரு துண்டும் ஒரு சோத்துத் தட்டத்து அகலம் இருக்குமாம், அதையெல்லாம் வரிசையா மாட்டி வெக்க தம்பிகிட்ட பீரோ அளவுக்கு ஒரு பழைய இரும்புச் சட்டம் இருக்குது. இப்ப வர்றதெல்லாம் டிஜிட்டல், சாக்பீஸ் டப்பா அகலந்தான், உள்ள அறிவு எச்சு, ஆனா குமிழைத் திருகப் போனா பக்கத்துக் குமிழும் சேந்து திரும்புது.

"உள்ள இருக்கற போர்டைத் தொடவே வேண்டாங்க அண்ணா," ன்னுச்சு அந்தத் தம்பி. "முகம் மட்டும் பெருசாகணும். பெரிய தகடு, பெரிய குமிழ், பெரிய சொருகு ஓட்டை, பழைய சட்டத்துல போய் ஒக்காரற மாதிரி. குமிழுக்குக் குமிழ் விரல் போக இடம் விடுங்க. இடந்தான் முக்கியம்."

எங்க வீட்டுக்காரரு தலையாட்டினாரு. சின்ன போர்டு பன்னெண்டு வோல்ட் குடிக்கும், பெரிய சட்டம் பதினஞ்சு குடுக்கும், நடுவுல அதைக் கொறைக்க ஒரு குட்டி போர்டு, சின்ன ஓட்டையில இருந்து பெரிய ஓட்டைக்கு ஒரு சாண் வயர், இத்தனையும் நூறு மாட்யூலுக்கு. இருவத்தஞ்சு நாள்ல முடிச்சோம். முடிச்ச பேனல் ஒண்ணைப் பொரட்டிப் பாத்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கும், அத்தனை பெரிய முகத்துக்குப் பின்னால போர்டு அத்துணூண்டு, மத்ததெல்லாம் வெறும் தகடு.

நூறாவது பேனலைத் தொடைச்சு வெச்சுட்டு அவரு கை கழுவப் போனாரு.

"இன்னொரு தகடு எடுங்க," ன்னேன்.

"எதுக்கு?"

"நூறோட யாராச்சும் நிறுத்துவாங்களா? சீர்த்தட்டு வெச்சா பதினொண்ணு, இருவத்தொண்ணுன்னுதான வெக்கறோம். முழுசா நிறுத்தினா அதோட முடிஞ்சுதுன்னு ஆயிரும். அடுத்த ஆர்டர் வர வேண்டாமா?"

"போர்டு நூறுதான இருக்குது துளசி. நூத்தியோராவதுக்குப் பின்னால எதை வெக்கறது?"

"ஒண்ணும் வெக்க வேண்டாம். செவுத்துல மாட்டுங்க, லட்சணமா இருக்கும்."

அவருக்கு மனசில்ல, மூஞ்சியிலயே தெரிஞ்சுது. ஆனா சொன்னேன், அதனால செஞ்சாரு. ஒம்போது குமிழுக்கு ஒம்போது ஓட்டை, நாலு மூலைக்கு நாலு ஸ்குரூ, பட்டறைக் கடைசிச் செவுத்துல மாட்டி, நான் குங்குமம் வெச்சேன். அன்னைக்கு வியாழக்கெழம. மத்த நூறையும் அன்னைக்கே லாரியில தம்பிக்கு ஏத்தி விட்டோம்.

மறுநாள் காலையில வாசல் தெளிச்சு, புள்ளிக்குப் புள்ளி ரெண்டு விரல் விட்டு ஏழு புள்ளிக் கோலம் வெச்சேன். இழை இழுக்கக் குனிஞ்சா புள்ளிக்குப் புள்ளி மூணு விரல் இருந்துச்சு. கண்ணுதான் சரியில்லன்னு இழுத்து முடிச்சேன், மாவு பத்தல. உள்ள வந்தா அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவுல நான் உக்கார்ற எடத்துல இன்னொரு ஆளும் உக்காரலாம் போல இருந்துச்சு. அடுப்பு பெருசாகல, அம்மி பெருசாகல, தரைதான் பெருசாயிருந்துச்சு. மத்தியானத்துக்குள்ள வீதி பூராவும் தெரிஞ்சு போச்சு.

எங்க வீதியில இதை எப்படி எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்றேன், கேளுங்க. டீக்கடை ஆறுச்சாமிக்கும் லேத்துப் பட்டறை பட்டீசுவரனுக்கும் நடுவுல ஒரு அடிச் சந்துக்காக ஒம்போது வருசமாக் கேசு நடந்துச்சு, அந்தச் சந்து ஞாயித்துக்கெழமைக்குள்ள ஆறடியாகி, செவ்வாக்கெழமை மாட்டுவண்டி போற அகலமாயிருச்சு, ரெண்டு பேரும் எதிரெதிர்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்துட்டு, பொறவு வாழ்க்கையில மொதத் தடவையா ஒருத்தர ஒருத்தர் சாப்டாச்சான்னு கேட்டுக்கிட்டாங்க. ஒண்ணரை செண்டுக்காரங்க மூணு செண்டுக்காரங்க ஆனாங்க. சர்வேயர் வந்தாரு, சங்கிலி போட்டு அளந்தாரு, மறுபடி அளந்தாரு, ரெண்டாவது தடவ எச்சா வந்ததும் சங்கிலியச் சுருட்டிக்கிட்டு, நல்லா இருங்கன்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு. வீதி முனையில இருந்து அக்கட்டால மெயின் ரோடு எப்பவும் போலத்தான் இருந்துச்சு, பஸ்சும் எப்பவும் போலத்தான் போச்சு, எங்க வீதி மட்டும் உள்ளுக்குள்ள விரிஞ்சுக்கிட்டே போச்சு, நாங்களும் விரிஞ்சதுக்குத் தக்கன கல்லு நட்டோம், முருங்கை வெச்சோம், ஒருத்தர் ஆடு கூட வாங்கினாரு.

அடுத்த வெள்ளிக்கெழம ஆனதும் எங்க வீட்டுக்காரரு நூல் பிசகாம அளக்கற வெர்னியர எடுத்துக்கிட்டுப் போய்ச் செவுத்துல இருந்த பேனலை அளந்துட்டு வந்து பின்வாசப்படியில உக்காந்தாரு.

"குமிழுக்குக் குமிழ் ஒண்ணரை அங்குலம் விட்டேன். இப்ப ரெண்டே முக்கால் இருக்குது. ஓட்டை அப்படியேதான் இருக்குது, தகடு வளருது."

"நம்ம பேனலா?"

"பின்னால ஒண்ணும் இல்லாத முகம் அது. தனக்கு வேண்டிய எடத்தை எங்கிருந்தோ இழுத்துக்குது. கழட்டிப் போடறேன்."

கழட்டியிருப்பாரு. ஆனா நான் ஒரு ஓட்டை வாய்க்காரி, அதை டீக்கடையில சொல்லிட்டேன். சொன்ன அரை மணி நேரத்துல வீதியே எங்க வீட்டுல நின்னுச்சு. பட்டீசுவரன்தான் மொதல்ல பேசினாரு.

"இன்னும் ஒரு வாரம் விடுங்க மருதாசலம். என்ற பெரியவனுக்கு ஒரு ரூம் எடுக்கற எடம் வரட்டும்."

"எனக்குப் பயமா இருக்குதுங்க," ன்னாரு எங்க வீட்டுக்காரரு.

"என்னத்துக்குப் பயம்? எடந்தான வருது, என்ன போகுது?"

பட்டீசுவரன் கூட்டிட்டு வந்தவங்கள்ல ஒருத்தரு பட்டறைக்கு ஒரு பூட்டுப் போட்டுட்டுப் போனாரு. நான் ஏன் தடுக்கலைன்னா, எனக்கும் ஆசைதானுங்க. சமையக்கட்டு பெருசாகறது எந்தப் பொம்பளைக்குப் புடிக்காது? அதை நெனச்சா இப்ப என்னைய நானே அறைஞ்சுக்கலாமான்னு இருக்குது.

ஆவணி பொறந்துச்சு. மெல்ல மெல்ல வீதியில ரகசியம்னு ஒண்ணு இல்லாமப் போச்சு, பக்கத்துல நிக்கறவங்க கிட்டப் பேசறதுக்கே கத்த வேண்டியிருந்துச்சு, கத்திப் பேசற பேச்சுல ரகசியம் ஏது. அடுத்த வீட்டுக் கொழம்பு வாசம் வர்றது நின்னுச்சு. ஆறுச்சாமி டீயை ஆத்திக் கொண்டாந்து பெஞ்சுல இருக்கறவங்களுக்குக் குடுக்கறதுக்குள்ள ஆறிப்போகும்னு சைக்கிள் வாங்கினாரு, ஒரு வாரத்துல சைக்கிள்ல கொண்டாந்தாலும் ஆறிப்போச்சு. சிலபேரு கட்டிலோட கட்டிலச் சேத்து ஆணி அடிச்சாங்க, ஆணி அடிச்சது மட்டும் பிரியல, அதனால தொட்டிலைக் கட்டிலோட அடிச்சாங்க, அடுப்பைத் தண்ணித் தொட்டியோட அடிச்சாங்க, நாற்காலிய நாற்காலியோட அடிச்சாங்க, நாள் பூரா வீதியில சுத்தியல் சத்தமா இருந்துச்சு. புருசன் பொண்டாட்டி ஒரே பாயில படுத்தாலும், எந்திரிக்கறப்ப பாய் நடுவுல கிழிஞ்சு ரெண்டு பாயா, நடுவுல நாலு ஆள் படுக்கற எடமாக் கெடந்துச்சு. எங்க பாய் அப்படித்தான் கிழிஞ்சுது. நான் தைச்சேன், மறுநாளும் கிழிஞ்சுது.

ஒரு நாள் காலையில முறுக்கு சுட எண்ணெய் வெச்சப்ப சட்டி சாஞ்சு என் முழங்கையில ஊத்திருச்சு. ஏனுங்கன்னு கத்தினேன். வாசத் திண்டுல வயர் சுத்திக்கிட்டு இருந்தவரு எந்திரிச்சு ஓடியாந்தாரு, எனக்கு நல்லாத் தெரியுது, அந்த இழுப்புக் காலோட, வேட்டியத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, என்னையே பாத்துக்கிட்டு ஓடியாந்தாரு, ஓடியாந்துக்கிட்டே இருந்தாரு. அவரு வந்து சேர்றதுக்குள்ள கொப்புளம் எந்திரிச்சு, ஒடைஞ்சு, நான் அழுது முடிச்சிருந்தேன்.

வந்ததும் அவருக்கு மூச்சு வாங்குச்சு. கையில தண்ணி ஊத்திக்கிட்டே சொன்னாரு.

"இன்னும் பத்து நாள் போனா உன்னைய எனக்குத் தெரியாது துளசி. ஒரே வீட்டுக்குள்ள இருப்போம், ஆனா தெரியாது."

அதைக் கேட்டப்ப வந்த பயம் எரிச்சலை விடப் பெருசா இருந்துச்சு. எனக்குப் புள்ள இல்ல, பொறந்த வீட்டுல யாரும் இல்ல, இந்த மனுசன் ஒருத்தருதான்.

பின்வாசல்ல நின்னு பாத்தா பட்டறை எட்டத்துல ஒரு நகத்தளவு தெரிஞ்சுது. எட்டு எட்டுத் தூரம். போய் அந்தப் பேனலைக் கழட்டுறதுன்னு அவரு முடிவு பண்ணிட்டாரு. நானும் வர்றேன், கையப் புடிச்சுக்கிட்டே போனாப் பிரிய மாட்டோமேன்னேன்.

"போறது பெருசில்ல. திரும்பி வர வீடு எங்க இருக்குதுன்னு தெரியணும். நீ இங்க நின்னாத்தான் வீடு."

ரூபன் தம்பி ஆர்டருக்கு வாங்கின வயர்ச் சுருள் மிச்சம் இருந்துச்சு. பத்தாதுன்னு வீதியில போய்க் கேட்டேன். பட்டீசுவரன் தலையக் குனிஞ்சுக்கிட்டே மோட்டாருக்குச் சுத்தற வயரு பூராவையும் தூக்கிக் குடுத்தாரு, கூடவே பூட்டுச் சாவியும் குடுத்தாரு. ஆறுச்சாமி துணி காயப்போடற கம்பியக் கழட்டிக் குடுத்தாரு. ஒவ்வொரு முடிச்சுலயும் நானே உக்காந்து சால்டர் வெச்சேன், ஒண்ணு கூட விடாது, என் வேலை அப்படி.

அவரு இடுப்புல கட்டிக்கிட்டாரு. சோத்து மூட்டையும் தண்ணியும் தோள்ல.

"ஒரு கணக்கு வெச்சுக்குவோம்," ன்னாரு. "வயர் தீந்துட்டா நான் அங்கயே நிப்பேன். நீ ரெண்டு இழுப்பு இழுத்தா, பேனல் கைக்கு எட்டற தூரத்துல இருந்தாலும் சரி, விட்டுட்டுத் திரும்பி வந்துருவேன். மூணு இழுப்பு இழுத்தா வயர அவுத்துப் போட்டுட்டு மேல போவேன்."

"மூணு இழுக்க மாட்டேன்," ன்னேன். "போங்க, வெரசா வாங்க."

சிரிச்சாரு. அந்தக் கால இழுத்து வெச்சு எறங்கினாரு. மொத நாள் அவரு முதுகு தெரிஞ்சுது, ரெண்டாம் நாள் வெள்ளைச் சட்டை மட்டும் தெரிஞ்சுது, அப்பறம் ஒண்ணும் தெரியல, வயர் மட்டும் என் கையில ஓடிக்கிட்டே இருந்துச்சு. வீதிச் சனம் வந்து வந்து பாத்துட்டுப் போச்சு. யாரோ சோறு கொண்டாந்தாங்க. அவரு நடக்க நடக்க அவருக்கு முன்னால எடம் கூடிக்கிட்டே இருந்திருக்கும், அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

மூணாம் நாள் மத்தியானம் சுருள் தீந்துது. வயர் விறைச்சு, பின்வாசலுக்கும் வெறும் வெளிக்கும் நடுவுல நேரா நின்னுச்சு. அந்தக் கடைசியில அவரு நிக்கறாரு, நான் என்ன சொல்றேன்னு கேக்க நிக்கறாரு, வயர்ல அவரு மூச்சு விடறது கூட என் கைக்குத் தெரிஞ்சுது. எனக்கு இதுல ரெண்டு மனசே இல்லீங்க. பேனல் கெடந்தாக் கெடக்குது, எடம் வளந்தா வளருது, கிழிஞ்ச பாய தெனமும் தைச்சுக்கறேன், வந்துருங்க, அவ்வளவுதான் என் மனசுல இருந்துச்சு.

இழுத்தேன். மறுபடி இழுத்தேன். மறுபடி இழுத்தேன்.

எப்படி இழுத்தேன்னு கேக்காதீங்க. அரிசி மேல ஒரு கைப்பிடி போடற கை அது. என்ன பண்ணிட்டேன்னு எனக்குத் தெரியறதுக்குள்ள வயர் தளந்து தரையில விழுந்துச்சு. சொன்னதச் செய்யற மனுசன், ஒரு நொடி கூட யோசிச்சிருக்க மாட்டாரு. இல்லீங்க, தப்புங்க, வாங்கன்னு கத்தினேன், தொண்டை கிழியக் கத்தினேன், இழுத்து இழுத்துப் பாத்தேன், வயர் லேசா வந்துச்சு. அதோட இழுக்கறத நிறுத்திட்டேன். பூராவும் சுருட்டிட்டா அந்தக் கடைசி எங்க கெடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாமப் போயிருமே.

மறுநாள் காலையில கோலப் புள்ளி ரெண்டு விரல் வெச்சேன், ரெண்டு விரலாவே இருந்துச்சு. வெர்னியர எடுத்துக்கிட்டுப் போய் வாசப்படிக்கும் கல்லுக்கும் அளந்தேன், ஒரு நூல் கூட ஏறல. பத்து நாள் பாத்தாங்க, ஏறவே இல்ல, கொறையவும் இல்ல. மருதாசலம் போய்ச் சேந்துட்டாருன்னு வீதியில பேசிக்கிட்டாங்க. அந்தப் பேனலைக் கழட்ட முடியல, அதுக்குப் பின்னால ஏதோ ஒண்ணு வேணும், இவரு போய் நின்னுட்டாருன்னு ஆறுச்சாமி சொன்னாரு. பட்டாசு வெடிச்சாங்க. பொறவு எனக்குக் கேக்கும்னு நிறுத்திட்டாங்க, அந்த அளவுக்கு நல்லவங்கதான்.

ஐப்பசியில ரூபன் தம்பி போன் பண்ணுச்சு.

"அக்கா, மாட்யூல் எல்லாம் அருமையா வேலை செய்யுது. ஒரே ஒரு கோளாறு. எதைப் போட்டாலும் அடியில ஒரு சத்தம் வருது. நூறுலயும் ஒரே சத்தம். அண்ணனைக் கொஞ்சம் கேக்கறீங்களா?"

"என்ன சத்தம் சாமி?"

"யாரோ நடக்கற மாதிரி."

ஸ்பீக்கருக்குப் பக்கத்துல போனை வைக்கச் சொன்னேன். மொதல்ல ஒரு இரைச்சல், அதுக்கு அடியில, தகட்டு மேல நடக்கற மாதிரி, ஒரு காலு பட்டுனு விழுது, இன்னொரு காலு தேஞ்சுக்கிட்டு விழுது. எனக்குத் தெரியாதா அந்த நடை. இருவத்தெட்டு வருசம் கேட்ட நடை.

"கிட்ட வருதா தம்பி, தூரப் போகுதா?"

ரொம்ப நேரம் கேட்டுட்டு, தெரியலைங்கக்கான்னுச்சு. அதைச் சரி பண்ண வேண்டாம், அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். மாசத்துக்கு ஒரு தடவ போன் பண்ணிக் கேட்டுக்கறேன், அந்தத் தம்பியும் மூஞ்சி சுளிக்காம வைக்குது.

தை மாசத்துல வெளியாளுங்க வந்து எங்களுக்கு நடுவுல இருக்கற வெளிய அளந்து, கல்லு நட்டு, கலர்க் கொடி கட்டி, சைட்டு போட ஆரம்பிச்சாங்க. பட்டீசுவரனோட பெரியவன் அதுல ரெண்டு சைட்டு எடுத்திருக்கான். போன வாரம் வந்து பின்வாசல்ல நின்னான்.

"அத்தை, அந்த வயரச் சுருட்டிக்கிட்டீங்கன்னா காம்பவுண்டு எடுத்துருவோம். எத்தனை நாளைக்குத்தான் தாண்டித் தாண்டிப் போறது?"

"அடியில ஒரு ஓட்டை விட்டுக் கட்டு கண்ணு," ன்னேன். "வயர் போற அளவுக்கு. அதுக்கு மேல எடம் கேக்கல."

விட்டுக் கட்டியிருக்கான். வயர் அந்த ஓட்டை வழியாப் போய், அடுத்த சைட்டுக்குள்ள போய், கண்ணுக்குத் தெரியற வரைக்கும் போகுது. அந்தக் கடைசி அவரு கால்ல என்னைக்காவது தட்டும், எடுத்துப் பாப்பாருன்னு நான் நெனச்சுக்கறேன்.

தெனமும் சாயங்காலம் பின்வாசப்படியில உக்காந்து வலது கையால வயர எடுப்பேன். ஒரு இழுப்பு. ரெண்டு இழுப்பு. அதோட என் எடது கை வந்து வலது மணிக்கட்டை இறுக்கிப் புடிச்சுக்கும், அந்தக் கை அடங்கற வரைக்கும் விடாது, சில நாளு அடங்கறதுக்கு வெகு நேரமாகுது.